வேதாகம எண்கள்: கணக்கா, அடையாளமா, ரகசியக் குறியீடா?

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை ஒரு வேதபாடக் குழுவுக்கு நடத்தப் பொறுப்பேற்றால், முதல் வாரமே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஏழு சபைகள், இருபத்துநான்கு மூப்பர்கள், 1,44,000 பேர், 666... இவற்றை வெறும் எண்ணிக்கையாகச் சொல்லிக்கொடுப்பதா, அடையாளமாகவா, இல்லை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரகசியம் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்றா? மூன்றுக்கும் நம் சபைகளில் ஆள் உண்டு. நான் இரண்டாவதை எடுத்தேன்.

ஏழு என்றால் நிறைவு, பன்னிரண்டு என்றால் இஸ்ரவேலின் கோத்திரங்கள், நாற்பது என்றால் சோதனைக் காலம். இதெல்லாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டதுதான். இதில் சண்டை இல்லை. மற்ற எண்களுக்குப் போகும்போதுதான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.

எண்ணை எண்ணாகவே படிப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பவுல் போன கப்பலில் 276 பேர் இருந்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் 27. தலையை எண்ணிச் சொன்ன கணக்கு, அவ்வளவுதான். ஆனால் எல்லா எண்ணையும் இதே கண்ணோடு பார்த்தால் இடிக்கிறது. புதிய எருசலேமின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 12,000 ஸ்தாதி, அதாவது சுமார் 2,200 கிலோமீட்டர். அதன் மதில் 144 முழம். பன்னிரண்டும் பன்னிரண்டு முறை பன்னிரண்டும் அங்கே கண்முன் நிற்க, அளவு நாடாவை எடுப்பானேன்? வயதுகளையும் ஆட்சிக் காலங்களையும் கூட்டி, உலகம் கி.மு. 4004இல் உண்டானது என்றார் 17ஆம் நூற்றாண்டின் பேராயர் அஷர். சேத் பிறந்தபோது ஆதாமுக்கு எபிரெயப் பாடத்தில் 130 வயது, பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் 230. எதைக் கூட்டுவது என்பதிலேயே முதல் தகராறு.

மூன்றாவது வழிதான் கூட்டத்தில் கைதட்டல் வாங்கும். கிரேக்கத்திலும் எபிரெயத்திலும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. ஆபிரகாம் 318 பேரோடு லோத்தை மீட்கப் போனான் அல்லவா? பர்னபாவின் நிருபம் என்ற பழைய கிறிஸ்தவ நூல், அந்த 318ஐக் கிரேக்க எழுத்துகளாகப் பிரித்து, 18இல் இயேசுவின் பெயரையும் 300ஐக் குறிக்கும் T எழுத்தில் சிலுவையையும் கண்டது. ஆதியாகமம் எழுதப்பட்டதோ எபிரெயத்தில். அப்புறம் யூத ரபீக்கள் எபிரெயத்திலேயே கூட்டி, 318 என்பது ஆபிரகாமின் வேலைக்காரன் எலியேசரின் பெயர், ஆபிரகாமோடு போனது அவன் ஒருவன்தான் என்றார்கள். இரண்டு கூட்டலும் சரியாகவே வருகிறது! அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டம், தானியேலின் 2300 நாட்களை வருஷங்களாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணி, கடைசியில் 1844 அக்டோபர் 22இல் வந்து நின்றது. அன்று கிறிஸ்து திரும்பி வருவார் என்று ஆயிரக்கணக்கானோர் காத்திருந்து ஏமாந்தார்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: இந்த முறைக்கு பிரேக் இருக்கிறதா? "இந்த எண்ணுக்கு உள்ளர்த்தம் இல்லை" என்று சொல்ல அதனால் முடியுமா? ரகசியக் குறியீட்டு வழியால் முடியவே முடியாது. எந்த எண்ணைப் போட்டாலும் ஏதாவது ஒன்று வெளியே வரும். வெறும் கணக்கு வழியோ எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்லும், எழுதியவரே கையைப் பிடித்துக் காட்டினாலும். அடையாள வழியில் மட்டும்தான் இரண்டு பதிலுக்கும் இடம் இருக்கிறது. எழுதியவர் அந்த எண்ணைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறாரா என்று வசனத்திலேயே தேட வேண்டும். சொல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

மத்தேயு சொல்கிறார். ஆபிரகாம் முதல் கிறிஸ்து வரை மூன்று பதினாலு தலைமுறை என்று முதல் அதிகாரத்திலேயே கூட்டிக் காட்டுகிறார். அந்தப் பதினாலு வருவதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று ராஜாக்கள் விடுபடுகிறார்கள். 1 நாளாகமம் 3ஐப் பக்கத்தில் வைத்தால் தெரியும். தாவீது என்ற பெயரின் எபிரெய எழுத்துகள் 4, 6, 4, கூட்டினால் பதினாலு. "தாவீதின் குமாரன்" என்றுதான் மத்தேயு தொடங்குகிறார். பட்டியலைக் கணக்காக மட்டும் படித்தால், மூன்று ராஜாக்களை மறந்த எழுத்தராகத்தான் அவர் தெரிவார்.

மாற்கு 8இல் இயேசுவே கேட்கிறார்: ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோது மீந்ததை எத்தனை கூடை எடுத்தீர்கள்? பன்னிரண்டு. நாலாயிரம் பேருக்கு? ஏழு. இன்னும் உணரவில்லையா என்கிறார். பன்னிரண்டு யூதருக்கு, ஏழு புறஜாதியாருக்கு என்று பலர் விளக்குகிறார்கள். புறஜாதியார் பகுதியான தெக்கப்போலி நாட்டின் எல்லைக்குள் வந்ததாக மாற்கு சற்று முன்புதான் எழுதியிருப்பதால் எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்களை யோசிக்கச் சொன்னது அவரேதான்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் எண்ணான 666க்கும் இதே விதி. "கணக்குப் பார்க்கட்டும்" என்று வசனமே சொல்வதால் பார்க்கலாம். ரோம ராயன் நேரோவின் பெயரை "நேரோன் சீசர்" என்று எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666. கடைசி எழுத்தை விட்டு "நேரோ" என்றால் ஐம்பது குறைந்து 616. சில பழைய பிரதிகளில் 616 இருந்ததை 2ஆம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா இரேனேயு குறிப்பிடுகிறார். எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸிலும் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்துவது சாதாரணமில்லை. அதே இரேனேயு வேறு சில பெயர்களைப் பரிசீலிக்கிறார், நேரோவைப் பற்றி மூச்சு விடவில்லை என்பது இந்த விளக்கத்தின் பலவீனம். இருந்தாலும் பார்கோடிலும் தடுப்பூசியிலும் தேடுவதைவிட, முதல் வாசகர்கள் பயந்திருக்கக்கூடிய ஒரு ராயனிடம் தேடுவது மேல்.

என் பிரேக் சரியாகப் பிடிக்காத இடம் யோவான் 21இன் 153 மீன்கள். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153, பதினேழு என்பது பத்துக் கட்டளையும் ஆவியின் ஏழு வரமும் என்றார் சபைப் பிதா அகுஸ்தீன். அழகுதான். ஆனால் அந்தக் கூட்டலை யோவான் கேட்கவில்லை. இத்தனை மீன் இருந்தும் வலை கிழியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். அதனால் குழுவில் அதை மீனவர் எண்ணிய மீன் என்றே நடத்தினேன்.