கிம்ப் 3.0: மங்கிய படத்துக்கு 16 பிட் வேண்டும்

தாத்தாவின் இளவயதுப் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். இப்போது அதில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் கிம்ப் (GIMP) என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளைத் திறந்தேன்.

முதல் தடவை வழக்கம்போல 8 பிட் ஜேபெக்காக ஸ்கேன் செய்திருந்தேன். 8 பிட் என்றால் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தம் 256 படிகள். எந்தப் படியில் எவ்வளவு படம் இருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் படம் முழுவதும் 90க்கும் 170க்கும் நடுவில் ஒடுங்கியிருந்தது. அதாவது, கையில் இருப்பது 80 படி. கறுப்பு, வெள்ளை எல்லைகளை மாற்றும் லெவல்ஸ் கருவியில் அதை இருபுறமும் இழுத்ததும் ஹிஸ்டோகிராம் சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டு நின்றது. கன்னத்து நிழல் வழுவழுப்பாக இறங்காமல் திட்டுத் திட்டாகப் பிரிந்தது. இல்லாத சாயலை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

அப்புறம் அதே படத்தை 16 பிட் கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்கள் மட்டும்) டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்தேன். இப்போது 65,536 படிகள். அதே ஒடுங்கிய பகுதிக்குள்ளேயே சுமார் 20,000 கிடைத்தன. அதே லெவல்ஸ், அதே இழுப்பு. நிழல் உடையவே இல்லை. இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு தெரிந்தது. அம்மாவிடம் காட்டினேன். "ஆமா, அப்பாவுக்கு அங்கே தழும்பு உண்டு" என்றார்.

2018இல் வந்த 2.10 பதிப்புக்கு முன்பு கிம்ப் 8 பிட்டோடு நின்றது. இப்போது 32 பிட் வரை போகலாம். 3.0இல் எனக்கு மிகவும் பிடித்தது, கர்வ்ஸ் (வளைகோட்டை இழுத்து ஒளியைச் சரிசெய்யும் கருவி) போன்ற திருத்தங்கள் படத்தின் அடுக்கான லேயரின் மேல் தனியாக உட்கார்ந்திருப்பதுதான். மறுநாள் வந்து மாற்றலாம், மூலப்படம் அப்படியே இருக்கும்.

இமேஜ் மெனுவில் 'மோட்' வேறு, 'பிரிசிஷன்' வேறு. முன்னது எந்த வகை வண்ணம் என்பது, பின்னது எத்தனை படி என்பது. புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தாத்தா படத்துக்கு லேசாகப் பழுப்புச் சாயம் ஏற்ற நினைத்தால், முதலில் மோடை ஆர்ஜிபிக்கு (சிவப்பு, பச்சை, நீலம் கலந்த வண்ண முறை) மாற்ற வேண்டும். கிரேஸ்கேலில் எந்த வண்ணத்தைத் தடவினாலும் சாம்பல்தான் விழும். 8 பிட் படத்தைத் திறந்து பிரிசிஷனை 16 ஆக்கினால் தொலைந்த சாயல் திரும்பாது. ஆனால் அதற்குப் பிறகு செய்யும் திருத்தங்களில் இழப்பு குறையும், அதனால் மாற்றிக்கொள்வது நல்லதுதான். குறிப்பிட்ட வண்ணப் பட்டியலை மட்டும் பயன்படுத்தும் இன்டெக்ஸ்டு மோடில் அதிகபட்சம் 256 வண்ணங்களே. புகைப்படத்துக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

குறை என்றால் சிஎம்ஒய்கே, அதாவது அச்சில் பயன்படும் நான்கு மை வண்ண முறை. அச்சில் வண்ணம் எப்படி வரும் என்று திரையில் முன்னோட்டம் பார்க்கலாம், சிஎம்ஒய்கே டிஃப்பாக ஏற்றுமதியும் செய்யலாம். ஆனால் அந்த மோடிலேயே உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. கறுப்பு மையை மட்டும் தனியாகத் திருத்த வேண்டிய அச்சு வேலைக்காரர்களுக்கு இது போதாது. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது, அதுவும் இலவசம்தான். வீட்டுப் படங்களை மீட்க நினைப்பவர்களுக்குத் தயங்காமல் கிம்ப்பைச் சொல்வேன். ஸ்கேனரில் மட்டும் மறக்காமல் 16 பிட் தேர்ந்தெடுங்கள்.