தப்பு லேபிள்களோடு மூன்று ஆண்டு: நாலெட்ஜ் டிஸ்டிலேஷன் அனுபவம்

வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்பும் செய்திகளை 12 வகையாகப் பிரிக்கும் மாடல் ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். செய்திகளுக்குப் பஞ்சமில்லை. லேபிள்தான், அதாவது ஒவ்வொன்றும் எந்த வகை என்ற குறிப்புதான், தொல்லை. பதில் எழுதி முடித்தவர் அடுத்ததற்குப் போகும் அவசரத்தில் பட்டியலில் எதைத் தொட்டாரோ, அதுதான் லேபிள். யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் மறுபடி படித்துத் திருத்த ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

அப்போதுதான் நாலெட்ஜ் டிஸ்டிலேஷனைக் கையில் எடுத்தேன். பெரிய மாடலின் அறிவைச் சின்ன மாடலுக்குக் கடத்தும் இந்த வழியை 2015இல் ஹின்டன், வின்யால்ஸ், ஜெஃப் டீன் மூவரும் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. மாடலைச் சுருக்குவதுதான் அதன் முதல் நோக்கம். எனக்கும் சாதாரண சிபியுவில் ஓடும் சின்ன மாடல் தேவைப்பட்டது. லேபிள் அழுக்கும் போய்விட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். முதல் மாங்காய் சீக்கிரமே விழுந்துவிட்டது, அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே எழுதுவது இரண்டாவதைப் பற்றி.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம்: "பெட்டி வந்தது, திறந்தால் பாதிப் பொருளைக் காணோம், மீதிக்குப் பணம் தருவீர்களா?" இதற்கு இருந்த லேபிள் "விநியோகம்". முழுத் தப்பு என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. ஆசிரியர் மாடல் (பெரியதுதான் ஆசிரியர், அதனிடம் கற்கும் சின்னது மாணவர்) இதைப் பார்த்து "பணம் திருப்பம்" என்ற வகைக்கு 6, "பொருள் குறைவு" என்பதற்கு 3, "விநியோகம்" என்பதற்கு 1 என்று மதிப்புக் கொடுப்பதாக வையுங்கள். இந்த மூன்றை மட்டும் சாஃப்ட்மேக்ஸில் (மதிப்புகளைச் சதவீதமாக்கும் கணக்கு) போட்டால் 95, 5, 1 சதவீதம் என்ற அளவில் வரும். முதல் வகையைத் தவிர மற்றவை கண்ணுக்கே தெரியாது. மதிப்புகளை வகுத்து வித்தியாசத்தைக் குறைக்கும் எண்ணான டெம்பரேச்சரை 4 ஆக்கினால் அதே மதிப்புகள் 57, 27, 16 என்று விரிகின்றன. இந்தச் செய்தி மூன்று பக்கமும் கால் வைத்து நிற்கிறது என்ற விஷயம் இப்போது மாணவர் மாடலுக்குப் போய்ச் சேரும். "விநியோகம், நூற்றுக்கு நூறு" என்று அடித்துச் சொல்லும் லேபிளைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

காகிதத்தில் இப்படி. என் முதல் மாணவரோ நேரடியாகப் பயிற்சி கொடுத்த சின்ன மாடலைவிட எள்ளளவும் மேலில்லை. காரணம் ஆசிரியரிடம் இருந்தது. பயிற்சி லாஸ் (மாடல் செய்யும் தவறின் அளவு) கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கும்வரை அதை ஓட விட்டு, எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு நல்லது என்று மகிழ்ந்திருந்தேன். போதுமான அளவு பெரிய நியூரல் நெட்வொர்க் எந்தக் குப்பையையும் மனப்பாடம் செய்துவிடும். சிஃபார்-10 என்ற படத் தொகுப்பின் பயிற்சிப் படங்கள் 50,000க்கும் லேபிளைக் குலுக்கிப் போட்டு, அதையும் பிழையில்லாமல் மனப்பாடம் செய்ய வைத்துக் காட்டிய ஆய்வு 2017 வாக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. தப்பு லேபிளை மனப்பாடம் செய்த ஆசிரியரிடம் அதே செய்தியைக் காட்டிக் கேட்டால், அதே தப்பைத்தான் 99 சதவீத உறுதியோடு ஒப்பிக்கும்.

நெட்வொர்க் முதலில் எளிய, பொதுவான வடிவங்களைப் பிடிக்கிறது, பொருந்தாத விதிவிலக்குகளை அப்புறம்தான் விழுங்குகிறது என்பதும் அதே காலத்து ஆய்வுகளில் தெரிந்ததுதான். அதனால் ஆசிரியரைச் சீக்கிரமே நிறுத்த ஆரம்பித்தேன். கொஞ்சம் பலன் தெரிந்தது. முழுப் பலன் கிடைத்தது இன்னொரு வழியில்: டேட்டாவை ஐந்தாகப் பிரித்து, நான்கு பங்கில் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து, அது பார்க்காத ஐந்தாவது பங்குக்கு மட்டும் 57, 27, 16 போன்ற சாஃப்ட் லேபிள் வாங்குவது. இப்படி ஐந்து முறை சுற்ற வேண்டும். ஒரு செய்தியின் தப்பு லேபிளைப் பார்க்காத மாடல் அதை மனப்பாடம் செய்திருக்க முடியாது, இல்லையா? ஆசிரியருக்கான செலவு ஐந்து மடங்காகிறது, உண்மைதான். இதில் என்னிடம் பேரம் கிடையாது. மற்ற எதை விட்டாலும் இதை விடமாட்டேன்.

அப்புறம் ஒரு அசட்டுத்தனமான கதை. பைடார்ச் என்ற மென்பொருள் நூலகத்தில் இருக்கும் கேஎல் டைவர்ஜென்ஸ் லாஸ் (ஆசிரியரும் மாணவரும் சொல்லும் சதவீதங்கள் எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு), நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் "மீன்" (mean) என்ற முறையில் சராசரி எடுக்கும். பேட்ச்சில் (ஒரே தடவையில் பயிற்சிக்கு எடுக்கும் தொகுப்பில்) உள்ள செய்திகளின் எண்ணிக்கையால் மட்டுமல்ல, வகைகளின் எண்ணிக்கையாலும் வகுத்துவிடும். எனக்கு 12 வகை, ஆக சாஃப்ட் லாஸ், அதாவது ஆசிரியரோடு ஒப்பிடும் பகுதி, மூல லேபிளோடு ஒப்பிடும் பகுதிக்கு முன்னால் 12இல் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடந்தது. "பேட்ச்மீன்" (batchmean) என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். போதாக்குறைக்கு, டெம்பரேச்சர் ஏற ஏற சாஃப்ட் பக்கத்துக் கிரேடியன்ட், அதாவது மாடலைத் திருத்தும் உந்துதல், டெம்பரேச்சரின் வர்க்கத்தால் குறையும் என்பதால், டெம்பரேச்சர் 4 என்றால் அந்த லாஸை 16ஆல் பெருக்க வேண்டும். 2015 கட்டுரையிலேயே இது இருக்கிறது. படித்தேன், மறந்தேன். இரண்டும் சேர்ந்து, ஆசிரியர் பேசியதே மாணவர் காதில் விழவில்லை. லாஸ் வளைவு மட்டும் அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. எரர் எதுவும் வராத பிழைக்குத்தான் பயப்பட வேண்டும்.

அதைச் சரிசெய்த பிறகும் சோதனை மதிப்பெண் ஏறவில்லை. அலுத்துப்போய், மாணவர் தப்பு என்று எண்ணப்பட்டவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தேன். பல இடத்தில் மாணவர்தான் சரி, விடைத்தாள்தான் தப்பு. சோதனைக்கு ஒதுக்கியதும் அதே அவசரக் கைகள் லேபிள் போட்ட டேட்டாதானே! பிரபலமான பத்து டேட்டாசெட்களின் சோதனைப் பகுதிகளில் சராசரியாக 3.3 சதவீதமாவது லேபிள் பிழை இருப்பதாகவும், இமேஜ்நெட் என்ற பெரிய படத் தொகுப்பின் வேலிடேஷன் (சரிபார்ப்பு) பகுதியில் அது சுமார் 6 சதவீதம் என்றும் 2021இல் ஒரு ஆய்வு காட்டியது. அங்கேயே அப்படி என்றால் என்னுடையது எம்மாத்திரம்? மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆயிரம் செய்திகளுக்கு நாங்கள் இருவர் தனித்தனியாக லேபிள் போட்டு, வேறுபட்டவற்றைப் பேசித் தீர்த்தோம். அதன் பிறகுதான் எந்த மாற்றம் உதவுகிறது, எது உதவவில்லை என்று பார்க்கவே முடிந்தது. இதை முதல் வாரமே செய்திருந்தால் ஆறு மாதம் மிச்சம்.

அந்த ஆயிரத்தில்தான் டிஸ்டிலேஷன் தொடவே முடியாத அழுக்கும் அகப்பட்டது. "விநியோகம்" என்ற வகைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் என்று பார்த்தால், பட்டியலில் அதுதான் முதலில் இருக்கிறது. யோசிக்க நேரமில்லாதவர் விரல் அங்கேதான் போகும். அதிலும் எந்தப் பக்கமும் சேராத குறுஞ்செய்திகள், "இன்னும் ஒன்றும் நடக்கவில்லை" போன்றவை, ஏறக்குறைய மொத்தமாக அங்கே குவிந்திருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய பிழைகளை ஆசிரியர் சராசரியில் கரைத்துவிடும். ஒரே திசையில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை அதன் கண்ணுக்குப் பிழையே அல்ல, பாடம். அதையும் சிரத்தையாகக் கற்று மாணவருக்குக் கொடுத்தது. ஐந்து பங்கு வித்தையும் இங்கே பலிக்காது, ஐந்து பங்கிலும் அதே பழக்கம்தானே இருக்கிறது. கடைசியில், பட்டியலின் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றிக் காட்டும்படி திரையைத் திருத்தச் சொன்னோம். நான் எழுதிய எந்த நிரலையும்விட அது அதிகம் உதவியது.

மற்றவை சுருக்கமாக. ஆசிரியருக்கு லேபிள் ஸ்மூதிங் (லேபிளை நூற்றுக்கு நூறு என்று வைக்காமல் மற்ற வகைகளுக்கும் கொஞ்சம் பகிர்வது) வைத்தால் டிஸ்டிலேஷன் கெடும் என்று 2019 கட்டுரை ஒன்றும், லேபிளில் பிழை இருக்கும்போது அது நன்மையே என்று 2020 கட்டுரை ஒன்றும் சொல்கின்றன. என் டேட்டாவில் இரண்டாவது சொன்னதுதான் நடந்தது. மாணவரையே அடுத்த ஆசிரியராக்கிச் சுற்றிப் பார்த்தேன்: இரண்டாம் சுற்றில் துளி முன்னேற்றம், மூன்றாவதில் எல்லாம் மழுங்கிவிட்டது. "நாய்ஸி ஸ்டூடண்ட்" என்ற பயிற்சி முறையின் பெயரைப் பார்த்து லேபிள் பிழைக்கான மருந்து என்று ஓடாதீர்கள். லேபிள் பிழையையும் நாய்ஸ் என்பார்கள், ஆனால் அதில் நாய்ஸ் என்பது பயிற்சியின்போது மாணவருக்கு வேண்டுமென்றே கொடுக்கும் தொந்தரவு. நானும் ஓடித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. "பாதுகாப்பு ஆபத்து" என்ற வகைக்கு மிகக் குறைவான செய்திகளே வரும். சார்ஜர் சூடாகிப் புகை வந்தது என்பது போல. ஆசிரியருக்கு இவை சிதறிய பிழை மாதிரியே தெரிவதால், பக்கத்திலுள்ள "பொருள் பழுது" வகைக்குள் தள்ளிவிடுகிறது. தவறவே கூடாத வகை இதுதான். அதனால் இந்த வகைச் செய்திகளை மட்டும் கையால் சரிபார்த்து, ஆசிரியர் சொல்வதைக் கேட்காமல் மூல லேபிளையே மாணவருக்குக் கொடுக்கிறேன். அப்படியும் சிலது நழுவுகிறது. "புகை", "தீ", "ஷாக்" என்ற சொற்கள் வந்தால் மாடலைக் கேட்காமல் நேராக மனிதரிடம் அனுப்பும் நான்கு வரி நிரல் ஒன்று இன்றும் மாடலுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.