கழற்றிப் பூட்டும் தாடை மாதிரி: பல்லுக்குச் சரி, முரசுக்குப் போதாது

பல் தாதிப் பயிற்சியில் இருப்பவர்களுக்காக விற்கப்படும் கழற்றிப் பூட்டும் தாடை மாதிரிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பல்லின் அடி வெறும் முளை. திருகாணி பிடிக்க மட்டுமே அது. மற்றதில் வேர் வேராகவே இருக்கும். விலை குறைவு என்று முளை வகையை எடுத்தால் பாதிப் பாடம் போய்விடும். யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பிலிருந்து எடுப்பிப்பவர்கள் தனிப் பல்லின் படத்தைக் கேட்டுப் பார்த்த பிறகே காசு கட்டுங்கள். மேல் முதற் கடைவாய்ப்பல்லுக்கு, அதாவது 16, 26க்கு (முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாவது நடுவிலிருந்து எத்தனையாவது பல்) மூன்று வேர் இருக்க வேண்டும்: கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று. கீழே 36, 46க்கு முன்னும் பின்னுமாக இரண்டு. 14, 24க்கும் பெரும்பாலும் இரண்டு வேர்தான். ஞானப்பல் இல்லாமல் 28 பல்லோடு வரும் மாதிரியும் உண்டு, அதையும் கேளுங்கள்.

இங்கே பேசுவது வேருள்ள, 32 பல் மாதிரியைப் பற்றி. பல்லின் வடிவம் அருமை. 16ஐக் கையில் எடுத்தால் அண்ணப் பக்க முன்முகட்டின் (முகடு என்பது கடிக்கும் பரப்பின் மேடு) சரிவில் கராபெல்லி முகடு என்ற மேலதிக மேடு சிறு புடைப்பாகத் தெரிகிறது. 36ஐத் திருப்பினால் ஐந்து முகடுகளையும் விரலால் எண்ணலாம். பற்களைக் கழற்றியதும் எண் எழுதிய முட்டைத் தட்டில் போட்டுவையுங்கள். கலந்துவிட்டால் 14ஐயும் 24ஐயும் பிரிக்கவே ஒரு மாலை போய்விடும். வேர் நுனி பெரும்பாலும் பின்பக்கம் வளையும் என்பதை வைத்துப் பக்கம் கண்டுபிடித்துப் பழகுவது நல்ல பயிற்சி. மாதிரியை எதிரே வைத்து எண்ணும்போது உங்கள் இடக்கைப் பக்கம்தான் நோயாளியின் வலப்பக்கம். 11 முதல் 18 வரை அங்கேதான். இதைத் தடுமாறினால் அட்டையில் பிழையான பல் பதிவாகும்; பிடுங்கும் நாளில் அதன் விளைவு தெரியும்.

நோய்க்கென்று கூடவே தரும் சூத்தைப் பற்கள்தான் ஏமாற்றம். எல்லாம் கறுத்த ஓட்டையில் தொடங்குகின்றன. உண்மையில் சூத்தை தொடங்குவது சுண்ணாம்பு நிற வெண்புள்ளியாக, பெரும்பாலும் முரசோரத்தில். பல்லில் ஒட்டும் கிருமிப் படலமான பற்படலத்தின் பிஎச் 5.5க்குக் கீழே இறங்கி அமிலம் கூடும்போது, பல்லின் வெளி ஓடான எனாமலிலிருந்து கனியுப்பு கரைகிறது. அந்தக் கட்டத்தில் புளோரைட்டாலும் ஒழுங்கான துலக்கலாலும் அதை மீட்க முடியும். தாதி கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய அந்தக் கட்டமே மாதிரியில் இல்லை.

இன்னொரு பிழை, ஓட்டையைக் கிணறுபோல் நேராக இறக்கியிருப்பது. கடைவாய்ப்பல் பிளவில் விழும் சூத்தை மேலே ஊசிமுனையளவே தெரியும். எனாமலும் அதன் உள்ளே இருக்கும் டென்டினும் சந்திக்கும் இடத்தை எட்டியதும் பக்கவாட்டில் பரவும், ஏனென்றால் எனாமலில் கனியுப்பு ஏறக்குறைய 96 வீதம், டென்டினில் 70 வீதம்தான். இது விளங்காத உதவியாளர், சிறிய அடைப்பு என்று நினைத்துக் கொஞ்சம் சிமெந்தைக் குழைத்துவைப்பார். வைத்தியர் குடைந்ததும் குழி மூன்று மடங்காகும், குழைத்தது காணாது.

முரசு சிலிக்கனில் இறுக்கமாக வார்த்திருக்கிறது. பல்லுக்கும் முரசுக்கும் நடுவே உள்ள முரசு வெடிப்பு ஆரோக்கியமாக இருந்தால் ஆழம் 1 முதல் 3 மில்லிமீற்றர். 4 அல்லது அதற்கு மேல் போனால் நோய்ப்பை என்று சந்தேகிக்க வேண்டும். இதில் அளவுகோலை விட்டால் ஒரு பல்லில் நுழையவே இல்லை, பக்கத்துப் பல்லில் நேரே திருகாணியில் முட்டுகிறது. அளவெடுக்கப் பழக இது உதவாது. பல்லில் இறுகிப் படியும் பற்காரையையும் எல்லாப் பல்லிலும் ஒரே சீராகப் பூசியிருக்கிறார்கள். உமிழ்நீர்க் கான்கள் திறக்கும் இடத்தருகேதான் அது அதிகம் படியும்: கீழ் வெட்டும்பற்களின் நாக்குப் பக்கமும் மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கமும்.

கன்னமும் நாக்கும் வாயின் தரையும் மாதிரியில் இல்லவே இல்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்கள் வரும் எங்கள் கிளினிக்குகளுக்கு இது பெரிய குறை. அடக்கிவைக்கும் கன்னத்துச் சவ்வில் வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ, வாய் திறப்பது வரவரக் குறைவதோ, இரண்டு கிழமை கடந்தும் ஆறாத புண்ணோ கண்டால் வைத்தியரிடம் உடனே சொல்ல வேண்டும். அதற்கு நல்ல நிறப்படத் தொகுப்பு ஒன்றைத் தனியாக வாங்குங்கள். மஹரகமவில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பயிற்சிக்குப் போக நினைப்பவர்கள் 20 பாற்பல் மாதிரியையும் சேர்த்தே எடுக்கலாம். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல்லைப் பெற்றோர் பாற்பல் என்றே நினைப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் விளங்கும்.

பராமரிப்பு சுலபம். சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். அசிற்றோன் படக்கூடாது, கிராம்பெண்ணெய் சேர்ந்த சிமெந்தை இதில் வைத்துப் பழகக்கூடாது, பிளாஸ்ரிக் இளகிவிடும். திருகாணியை விரல் நுனிப் பலத்தோடு நிறுத்துங்கள். மேலும் இறுக்கினால் புரி தேயும், பிறகு அந்தப் பல் ஆடிக்கொண்டே இருக்கும். மேலதிகத் திருகாணி நான்கைந்து சேர்த்துத் தரச்சொல்லிக் கேளுங்கள்.