லோக்கல் லாரி வேலை தேடித்தரும் ஏஜென்சி: ஐந்துக்கு மூன்று

கனரக வாகன லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று மாதம் ஆகியும் வேலை அமையாமல் இருந்தபோதுதான் இந்த ஏஜென்சியில் பெயர் கொடுத்தேன். வீட்டில் மனைவி, ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள், எட்டு மாதக் கைக்குழந்தை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிற லோக்கல் ஓட்டம். லாங் போனால் சம்பளம் கூட வரும், ஓட்டமும் சீக்கிரம் பழகும் என்று கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள், அது எனக்கும் தெரியும், ஆனால் பத்து நாளைக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்துபோகிற அப்பாவாக இருக்க மனசு வரவில்லை. ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை. நான் சொல்லப்போகிற குறை இந்தத் தொழிலில் பல இடங்களில் உள்ளதுதான், ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாக இருக்காது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. லைசென்ஸ், மருத்துவச் சான்று, பயிற்சிப் பள்ளிச் சான்று மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, மறுநாளே அவர்களுடைய யார்டில் வண்டி கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். ஓட்டிக் காட்டுவது என்றால் நாலு ரவுண்டு அடிப்பது என்று நினைத்துப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் முதல் இருபது நிமிடம் வண்டியை நகர்த்தவே விடவில்லை. ஏர் பிரஷர் முழுக்க ஏறும்வரை முள்ளைப் பார்க்கச் சொன்னார், இன்ஜினை அணைத்து பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி முள் இறங்குகிறதா என்று கவனிக்கச் சொன்னார், டயரைச் சுற்றி வந்து ஒவ்வொரு வீல் நட்டையும் கையால் தொட்டுப் பார்க்க வைத்தார். அப்புறம் ரிவர்ஸ். “தம்பி, முன்னாடி ஓட்டுறத யார் வேணா கத்துக்கலாம், லோக்கல் வேலையே பின்னாடி போறதுலதான் இருக்கு” என்றார். அந்த ஒரு வரிக்காகவே ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

பணமும் வாங்கவில்லை. டிரைவரிடம் முன்பணம் கேட்கிற ஏஜென்சிகளும் உண்டு, அங்கே பதிவே செய்யாதீர்கள். தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையே பொதுவிதியாகச் சொல்கிறது. ஆனால் காசு ஆள் எடுக்கிற லாரிக் கம்பெனியிடமிருந்து வருகிறது என்றால், அவர்கள் அவசரமும் கம்பெனியின் அவசரமாகத்தான் இருக்கும். காலியாக நிற்கிற வண்டியில் ஆளை உட்கார வைத்தால் போதும் அவர்களுக்கு. அந்த ஆள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறான் என்பது அவர்கள் பாரத்தில் ஒரு கட்டமாகக்கூட இல்லை.

இனி குறை. மூன்று வாரத்தில் ஆறு வேலை அனுப்பினார்கள், ஆறுக்கும் மேலே “லோக்கல்” என்று பெரிதாகப் போட்டிருந்தது. முதலாவதில் வாரத்துக்கு இரண்டு ராத்திரி வண்டியிலேயே படுக்கணும். “அது லோக்கல்தான் சார், வாரக்கடைசி வீட்லதான இருப்பீங்க” என்று போனில் பேசிய பையன் அப்பாவியாகச் சொன்னான். இரண்டாவது பெட்ரோல் டேங்கர், அதற்கு அபாயகரமான சரக்குக்கான தனிப் பயிற்சியும் சான்றும் வேண்டும், என் பைலைத் திறந்து பார்த்திருந்தாலே அனுப்பியிருக்க மாட்டார்கள். மூன்றாவதிலும் நாலாவதிலும் இரண்டு வருட அனுபவம் கட்டாயம். இதில் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை, புது டிரைவர் என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் பிரீமியத்தை ஏற்றுவார்கள் அல்லது ஏற்கவே மாட்டார்கள், அதனால்தான் அந்த இரண்டு வருடம். ஆனால் அதைத் தெரிந்துகொண்டே அனுப்புவது ஏன்?

ஐந்தாவதுக்குப் போய் ஒருநாள் ஓட்டியும் பார்த்தேன். கடைகளுக்குச் சரக்கு இறக்குகிற வேலை, பதினாலு இடம். காலை ஐந்தரைக்கு யார்டில் கையெழுத்து. மொத்தமாக ஓட்டியது மூன்று மணி நேரம்கூட இருக்காது, மீதியெல்லாம் வண்டியின் பின்னால் சரக்கு இறக்குகிற டெயில் லிஃப்டை இறக்கு, பேலட் டிராலியை இழு, சீட்டில் கையெழுத்து வாங்கு, காலிப் பெட்டிகளை எண்ணி ஏற்று. ஒன்பதாவது இடத்தில் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது இடப்பக்கக் கண்ணாடியில் சுவர் மட்டும்தான் தெரிந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன், ஏறினேன், ஒரு அடி நகர்த்தினேன், மறுபடி இறங்கினேன். பின்னாலிருந்து ஆட்கள் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். நாலு தடவை இறங்கி ஏறியதைப் பார்த்துக் கூட வந்த பழைய டிரைவர் ஒன்றுமே சொல்லவில்லை, கடைசியில் “சரி, இடிக்கல, அது போதும்” என்றார். ராத்திரி எட்டேகாலுக்கு யார்டு, அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம். வந்தபோது இரண்டு பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள். லோக்கல்தான், யாரும் பொய் சொல்லவில்லை. வீட்டில்தான் தூங்கினேன்!

ஓட்டும் நேரச் சட்டத்தை நம்பி, அது சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அந்தச் சட்டமெல்லாம் டிரைவர் களைத்துப்போய் இடிக்காமல் இருப்பதற்குப் போட்டது, நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்காகப் போட்டதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருநாளைக்கு ஓட்டுவது 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் 10 வரை போகலாம். அமெரிக்காவில் 11 மணி நேரம், அதுவும் வேலை தொடங்கி 14 மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். அங்கே கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் குறுந்தூர டிரைவர்களுக்கு, ஓட்டும் நேரத்தைக் குறித்துவைக்கிற மின்னணுப் பதிவுக் கருவியிலிருந்து விலக்கு உண்டு, அதற்கான வரம்பு என்ன தெரியுமா? கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் கிட்டத்தட்ட 278 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஓட்டி, 14 மணி நேரத்துக்குள் திரும்பினால் போதும். சட்டத்தின் கணக்கிலேயே லோக்கல் ஆளின் நாள் அவ்வளவு நீளம் போகலாம் என்னும்போது ஏஜென்சிப் பையனை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது.

விஷயத்தைப் பிடித்தது என் மனைவிதான். ஆறாவது வேலைக்குப் போன் வந்தபோது குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள், நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நான் சம்பளம் எவ்வளவு, என்ன வண்டி என்று கேட்டுக்கொண்டிருக்க, அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “கடைசி லோடு எத்தனை மணிக்கு இறங்கும்னு கேளுங்க. அதுக்கப்புறம் வண்டிய எங்க விடணும்னும் கேளுங்க” என்றாள். கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. “விசாரிச்சுச் சொல்றேன் சார்.” அரை மணியில் திரும்பக் கூப்பிட்டு, முதல் தடவையாக ஒழுங்கான பதில் சொன்னான்: வண்டி யார்டை விட்டே வெளியே போகாது, ஷிஃப்ட் ஆறிலிருந்து இரண்டு வரை, வார விடுமுறை மாறாது.

கண்டெய்னர் யார்டில் டிரெய்லர்களை இடம் மாற்றுகிற ஷண்டிங் வேலை அது. இப்போது ஐந்து மாதமாக அதில்தான் இருக்கிறேன். ரோட்டில் ஓட்டாமல் இது என்ன லாரி வேலை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒரு ஷிஃப்டில் முப்பது தடவைக்குக் குறையாமல் டிரெய்லரைப் பின்னாடி தள்ளி, சரக்கு ஏற்றி இறக்குகிற மேடையான டாக்கில் சேர்க்கிறேன், லாங் ஓட்டத்தில் போயிருந்தால் ஒரு மாதத்தில் இத்தனை ரிவர்ஸ் வந்திருக்காது. லோக்கல் ரூட்டுக்குக் காலி வந்தால் யார்டு ஆட்களைத்தான் முதலில் கேட்பார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார், பார்ப்போம். சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. வீட்டுச் செலவில் மாதக்கடைசி இன்னும் இழுபறிதான். ஆனால் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது நான்தான்.

ஏஜென்சி இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்கலாம். புது ஆளை எடுக்கிற வேலை எது, வீட்டுக்கு நேரத்தோடு விடுகிற வேலை எது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாததா என்ன? யார்டு வேலை ஒன்று. குப்பை லாரி இன்னொன்று, பல இடங்களில் விடியுமுன் ஆரம்பித்து மதியத்துக்குள் முடிந்துவிடும், நாற்றத்துக்குப் பழகணும். கான்கிரீட் மிக்சர் தூரமே போக முடியாது, கலவை இறுகுவதற்குள், வழக்கமாக ஒன்றரை மணி நேரத்துக்குள், கொட்டியாக வேண்டும், அதனால் ராத்திரி வெளியே தங்குகிற பேச்சே கிடையாது, ஆனால் பெரிய தளம் போடுகிற நாளில் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்சல் கம்பெனிகளின் ஹப் டு ஹப் ஓட்டம், அதாவது ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்குப் போவது, ராத்திரி வேலை, ஆனால் தினமும் ஒரே ரூட், ஒரே நேரம், பகலில் பிள்ளைகளோடு இருக்கலாம், தூக்கத்தைத்தான் எங்கிருந்தாவது திருடணும். இவற்றில் எதையும் அவர்களாகச் சொல்லவில்லை, சக டிரைவர்களிடம் டீ குடிக்கும்போது கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

இரண்டு ஸ்டார் போனது எங்கே என்று கேட்டால், பொருந்தாத அந்த ஐந்து வேலைகளுக்கு ஒன்று, டிரையல் நாளுக்கான கூலியை வாங்க மூன்று தடவை போன் போட வைத்ததற்கு ஒன்று. போகிறவர்கள் யார்டு டெஸ்டை மட்டும் தவறவிடாதீர்கள், அந்தப் பெரியவர் இருக்கிற நாளாகக் கேட்டுப் போங்கள்.

வேலை கிடைத்துவிட்டது, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியும் இன்னும் மெசேஜ் வருகிறது. நேற்றும் வந்தது: “லோக்கல் ஓட்டம், உடனே ஆள் தேவை, வாரம் மூன்று இரவு வெளியே.” கடைசி லோடு எத்தனை மணிக்கு இறங்கும் என்று சும்மா கேட்டு வைத்தேன். படித்துவிட்டார்கள், பதில் இல்லை.