புது டயர் என்று பழசை மாட்டிவிட்டார்கள், காற்றும் இரண்டரை மடங்கு

ஜங்ஷன் பக்கம் டயர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் ஓட்டுவது கைட் பக்கி. மூன்று சக்கரம், இன்ஜின் கிடையாது. பெரிய பட்டம்தான் இழுக்கும், முன்சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும். (“ஒரு பக்கியை எடுத்துக்கிட்டு இன்னொரு பக்கி கிளம்பிட்டு” என்பது அம்மாவின் தினசரி வசனம்.) பின்னால் இரண்டும் ஆட்டோ டயர், 4.00-8 சைஸ்.

ஆட்டோவுக்குக் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ சரி. ஆளும் வண்டியுமாக நூறு கிலோ சொச்சம் வரும் என் பக்கிக்கு அது கல். தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், புதையும், பட்டம் தூக்கி இறக்கும்போது பந்து மாதிரி எழும்பும். நான் 12 வைப்பேன். டயர் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். அதற்கும் ரொம்பக் கீழே போனால் ரிம் இடிக்கும், சாய்ந்து இறங்கினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும்.

ஆடிக் காற்று தொடங்கியதும் இடது டயரை மாற்றப் போனேன். “12 போதும் அண்ணாச்சி” என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினார். இரண்டு டயருக்கும் காற்று பிடித்த பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காற்றை அளக்கும் என் கேஜ் பையிலேயே கிடந்தது, அது என் முட்டாள்தனம்.

மறுநாள் திசையன்விளை பக்கத் தேரி. முதல் துள்ளல் சின்னதுதான். இறங்கிய வேகத்தில் வண்டி மறுபடி எழும்பி, இடது சக்கரம் மட்டும் சாய்ந்து குத்தியது. டயரின் பக்கச் சுவர் பிளந்தது. கை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு போனது.

வலது டயரில் கேஜை வைத்தால் 31. இடது டயரைத் துணியால் துடைத்தேன், கறுப்பு பாலிஷ் அப்படியே துணியோடு வந்தது. அடியில் பாளம் பாளமாக வெடிப்பு. ஓரத்தில் 3115 என்று எண். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின்னது வருஷம். 2015இன் 31ஆவது வாரத்தில் செய்த டயரைத்தான் புதுசு என்று தலையில் கட்டியிருக்கிறார்கள்.

டயரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

“ஆட்டோ டயரை மாட்டிக்கிட்டு மணல்ல பறந்தா நான் என்னடே செய்ய?”

“நான் பறக்கறது இருக்கட்டும் அண்ணாச்சி, இந்தத் தேதி?”

“பில் இருக்கா?”

இல்லை. துண்டுத் தாளில் ‘டயர் 1, டியூப் 1’ என்று எழுதித் தந்ததுதான். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தப்பு என்பது அப்புறம்தான் தெரிந்தது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.

நீங்கள் போனால் மாட்டுவதற்கு முன்னாலேயே அந்த நாலு எண்ணைப் பாருங்கள், பக்கச் சுவரை விரலால் மடக்கிப் பாருங்கள், பில் கேளுங்கள். காற்றை உங்கள் கேஜிலேயே அளந்துவிடுங்கள்.

கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம். வெளியே காற்று முருங்கைக் கிளையை முறிக்கிற மாதிரி அடிக்கிறது, நான் ஒற்றைக் கையால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.