மொத்தக் காசா, மணிக்கணக்கா, மாசக் காசா? ரெண்டு பேர் வெப் ஒபிஸுக்கு எது சரிவரும்

வெள்ளவத்தையில கோல் ரோட்டுக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில ஒரு ஒழுங்கையில, ரெண்டாம் மாடி அறை ஒண்டில நானும் என்ர சித்தப்பாட மகனும் இருந்து வெப்சைட் செய்யிறம். ரெண்டே ரெண்டு பேர். நேரம் காணாது நேரம் காணாது எண்டு ஒரு காலம் ஒவ்வொரு ஆப்பா போட்டுப் பாத்தம், 25 நிமிஷம் வேலை 5 நிமிஷம் ரெஸ்ட் எண்டு அந்தத் தக்காளி டைமரும் வச்சம், அந்த 25 நிமிஷத்துக்குள்ள நாலு வட்ஸ்அப் வொய்ஸ் வந்து விழும். பிழை டைமரில இல்ல. காசை என்ன கணக்கில வாங்குறமோ அதுக்கேத்த மாதிரித்தான் நேரமும் போகுது எண்டு விளங்க எங்களுக்கு நாலு வருஷம் எடுத்தது.

முதல் மொத்தக் காசு. கொழும்பில கடைக்காரர் கேக்கிற முதல் கேள்வியே "தம்பி, எல்லாம் சேத்து எவ்வளவு முடியும்?" தான், மணிக்கு இவ்வளவு எண்டு சொன்னா ஓட்டோ மீட்டரைப் பாக்கிற மாதிரி ஒரு பார்வை பாப்பினம். செட்டியார் தெருவில ஒரு நகைக்கடை முதலாளிக்கு மூண்டு கிழமையில முடிச்சுத் தாறன் எண்டு ஒரு தொகை சொல்லி எடுத்தம். முடிய அஞ்சு மாசம். உண்மையா நாங்கள் இருந்து வேலை செய்தது எல்லாம் சேத்து ஒரு பத்து நாள் கூட வராது, மிச்சம் முழுக்க நகைப் படம் வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தது. சும்மா இருந்தது தானே, நட்டம் என்ன எண்டு நினைப்பீங்கள். மூண்டு கிழமைக்கு ஒருக்கா நாலு படம் வரும், அந்த ப்ரொஜெக்டைத் திரும்பத் திறந்து எங்க விட்டம், எந்த ஃபைல், ஏன் இப்பிடி எழுதினம் எண்டு ஞாபகப்படுத்தவே முக்கால் மணித்தியாலம் போயிடும், படத்தை ஏத்திற வேலை பத்து நிமிஷம். இடைக்க "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ தம்பி" எண்டு கூப்பிடுவார், 100ஆம் நம்பர் பஸ்ஸில தொங்கிக்கொண்டு கோட்டைக்குப் போய் அங்கயிருந்து நடந்து, அவர் கஸ்டமரோட இருக்கிறார் எண்டு பிளேன்டீ குடிச்சுக்கொண்டு இருந்து திரும்ப, அரை நாள் சரி. அந்த அரை நாளுக்கு பில்லில இடமில்ல.

2022இல வேற ஒரு பாடமும் படிச்சம். பெப்ரவரியில ரூபாயில விலை எழுதிக் குடுத்தது, ஹோஸ்டிங் (சைட்டை நெட்டில வச்சிருக்கிற சேர்வர் வாடகை, நாங்கள் டொலரில கட்டுறது) உட்பட. டொலர் அப்ப 200 அளவில, மே மாசம் ஹோஸ்டிங் கட்டப் போக 360 அளவில நிக்குது. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் வேற. சொன்ன விலை சொன்ன விலை தான், முதலாளியிட்டப் போய் நிக்க வெக்கமா இருந்தது. இப்ப கொட்டேஷனில 14 நாளுக்குத் தான் இந்த விலை எண்டு ஒரு வரி, ஹோஸ்டிங்கும் டொமைனும் (சைட்டின்ர நெட் விலாசம்) தனிக் கணக்கு.

ஆனா மொத்தக் காசை ஒரேயடியா திட்டவும் ஏலாது. ஏற்கனவே பத்துத் தரம் செய்த வேலை எண்டா அதைவிட நல்லது ஒண்டும் இல்ல. சின்ன கெஸ்ட்ஹவுஸ் சைட், அஞ்சு பக்கம், புக்கிங் ஃபோர்ம் ஒண்டு, எங்களிட்ட அச்சு மாதிரி இருக்கு, ரெண்டு நாளில முடிப்பம், காசு அதே காசு. கை வேகமானா லாபம் எங்கட பக்கம்.

மணிக்கணக்கில இது அப்பிடியே தலைகீழ். பழகின வேலையை விரைவா முடிச்சா எங்களுக்குத் தான் வருமானம் குறையும், இதை யோசிக்க யோசிக்க ஒரு மாதிரித்தான் இருக்கும். ஆனா வேற ஆள் எழுதி விட்டிட்டுப் போன பழைய வேர்ட்பிரஸ் (சைட் கட்டுற ஒரு சொஃப்ட்வெயர்) சைட், உள்ளுக்க என்ன பூதம் இருக்கு எண்டே தெரியாது, அதுக்கு மொத்த விலை சொல்லுறவன் மடையன் (நான் சொல்லியிருக்கிறன், ரெண்டு தரம்). அதுக்கு மணிக்கணக்கு மட்டும் தான். இங்க உள்ள ஆக்கள் அதுக்குச் சம்மதிக்கிறது குறைவு, வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களுக்கு அது பழகின விஷயம், வேலை நேரத்தைக் குறிக்கிற க்ளொக்கிஃபை ஆப்பின்ர ரிப்போர்ட்டை அனுப்பினாக் காணும். ஒரு லண்டன் அங்கிள் மட்டும் ஒவ்வொரு வரியாப் பாத்து "பட்டனுக்கு ஏன் ரெண்டு மணித்தியாலம்?" எண்டு கேப்பார், பதில் எழுத அரை மணித்தியாலம், அந்த அரை மணித்தியாலத்தை அவரிட்டயே பில் போட மனம் வராது.

அதோட அவையின்ர நேரம். லண்டன்காரர் வேலை விட்டு பின்னேரம் 6க்கு கோல் எடுத்தா எங்களுக்கு இரவு 10.30, ஒக்டோபர் கடைசியில அங்க மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினா 11.30. டொரொன்டோ எண்டா கதையே வேண்டாம், அங்க பின்னேரம் 6 கோடையிலயே எங்களுக்கு விடிய 3.30. சிட்னி தான் சுகம், அவைக்கு மத்தியானம் 12 எண்டா அங்கத்தைக் குளிர்காலத்தில எங்களுக்குக் காலமை 7.30, எங்கட மத்தியானச் சாப்பாட்டுக்கு முதலே அவை ஒபிஸ் மூடிப் போயிடுவினம், பின்னேரம் முழுக்க ஃபோன் அடிக்காம கோட் எழுதலாம். மணிக்கணக்குக் கஸ்டமர் தேடுறவைக்கு நான் சொல்லுறது, நாட்டை விலையில பாக்காதேங்கோ, மணிக்கூட்டில பாருங்கோ. டொலர் வருது எண்டு சந்தோசப்பட்டாலும் 2025 ஏப்ரலில இருந்து வெளிநாட்டுக்குச் செய்யிற சேவை வருமானத்துக்கும் 15% வரைக்கும் வரி இருக்கு, முந்தி இல்லாதது, ரேட் சொல்லேக்க அதையும் சேத்துச் சொல்லுங்கோ.

மூண்டாவது மாசக் காசு. அப்டேட், பேக்கப், சின்னச் சின்ன மாத்தம், மாசம் ஒரு தொகை. தொகை பாக்கச் சின்னன், ஆனா மாசம் பிறக்கேக்கயே அறை வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் காசு வரும் எண்டு தெரிஞ்சு இருக்கிறது தனிச் சுகம். ஏப்ரலில வருசப்பிறப்பு எண்டு கொழும்பு ஒரு கிழமை வெறிச்சுப் போகும், மாசா மாசம் போயா (பௌர்ணமி) லீவு வேற, அந்த நாளுகளில புது வேலை ஒண்டும் வராது, மாசக் காசு மட்டும் வரும். எல்லாச் சைட் அப்டேட்டையும் ஒரே நாளில, எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலமை, வரிசையா இருந்து முடிக்கலாம். மொத்தக் காசு வேலைக்கு இப்பிடி நாள் ஒதுக்கினா முதலாளிமார் விடமாட்டினம்.

இதில ஒரே ஆபத்து, எத்தினை மணித்தியாலம் எண்டு எழுதாம விடுறது. ஒரு டியூஷன் கிளாஸ்காரருக்கு "மாசக் காசில எல்லாம் பாப்பம் சேர்" எண்டு வாயால சொல்லிப்போட்டம், அவர் ஃபேஸ்புக் போஸ்டர், ரிசல்ட் ஷீட், மகன்ர பிறந்தநாள் அழைப்பு வரைக்கும் அனுப்பினார். கோவிக்கவும் ஏலாது, சொன்னது நாங்கள். இப்ப மாசம் மூண்டு மணித்தியாலம், மிஞ்சினா மணிக்கணக்கு, மிச்சம் வந்தா அடுத்த மாசத்துக்குப் போகாது.

இப்ப நாங்கள் செய்யிறது கலவை தான். படமும் எழுத்தும் முழுசா கையில வந்த பிறகு தான் மொத்தக் காசு வேலைக்குத் திகதி சொல்லுறது, அதுக்கு முதல் பாதிக் காசு. அடுத்தவன் செய்து குழப்பின சைட் எண்டா மணிக்கணக்கு, இல்லாட்டி வேண்டாம். முடிச்சுக் குடுக்கிற ஒவ்வொரு சைட்டையும் மாசக் காசுக்கு மாத்தப் பாக்கிறது, பாதிப் பேர் "பிறகு பாப்பம் தம்பி" எண்டுவினம், சைட் விழுந்த அண்டைக்கு அவையே கோல் எடுப்பினம். என்னோட வேலை செய்யிற சித்தப்பாட மகனுக்கு இதில ஒரு விஷயம் பிடிக்காது, புதுசா ஒண்டு கட்டுற சந்தோசம் மாசக் காசில இல்ல எண்டுவான், அதுவும் உண்மை தான், செவ்வாய்க்கிழமை காலமையில அவன்ர முகத்தைப் பாக்க ஏலாது.

நகைக்கடை முதலாளியும் இப்ப மாசக் காசு தான். இப்பவும் இரவு பதினொரு மணிக்கு வொய்ஸ் அனுப்புறார். நான் அதை அடுத்த நாள் ஒம்பது மணிக்கு ஒபிஸில வந்திருந்து தான் கேக்கிறன், அவரும் இதுவரைக்கும் ஒண்டும் சொல்லேல்ல.