ஆட்டோஹாட்கீ 2: சாளரங்களை அடுக்கும் வேலைக்கு எப்படி?

தினமும் காலையில் பிரவுசரை இடது பாதிக்கு இழுத்து, எக்செலை வலது பாதியில் நிறுத்தி, வாட்ஸ்அப்பைச் சுருக்கி ஓரத்தில் வைத்த பிறகுதான் பலருக்கு வேலையே தொடங்குகிறது. இந்த அடுக்கும் வேலையை ஒரு விசைக்குள் அடக்கிவிட ஆட்டோஹாட்கீ உதவும். விண்டோஸில் மட்டும் இயங்கும் இலவச, திறமூல நிரல் இது. 2003 முதல் இருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் அதன் மொழியையே சீர்படுத்தி மாற்றிவிட்டார்கள். இதைக் கொண்டு இன்னும் என்னென்னவோ செய்யலாம். இங்கே பார்ப்பது சாளரங்களை நகர்த்துவதையும் அளவு மாற்றுவதையும் மட்டும்.

இரண்டே சாளரங்களை அருகருகே வைக்க இது வேண்டாம். விண்டோஸ் விசையும் அம்புக்குறியும் போதும். திரையை மூன்று நான்கு கட்டங்களாகப் பிரிக்க மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் ஃபேன்சிஸோன்ஸ் இருக்கிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் சாளரம் கட்டத்தில் போய் உட்காரும். அதே பவர்டாய்ஸின் வொர்க்ஸ்பேசஸ், சேமித்து வைத்த செயலிகளைத் திறந்து அவற்றின் இடத்தில் நிறுத்தவும் செய்யும். ஆட்டோஹாட்கீக்காக நாம் எழுதும் கட்டளைக் கோப்பான ஸ்கிரிப்டின் பலம் நிபந்தனைகளில்தான். வெளி மானிட்டர் இணைந்திருந்தால் ஓர் அடுக்கு, லேப்டாப் திரை மட்டும் இருந்தால் வேறு அடுக்கு. தலைப்பில் ‘பில்’ என்று இருக்கும் கோப்பு மட்டும் வலப்பக்கம் போக வேண்டும் என்பது போன்ற தேவைகளுக்கு இதற்கு நிகர் இல்லை.

மையமான கட்டளை வின்மூவ் (WinMove). அதற்கு நான்கு எண்கள் தர வேண்டும்: இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம், அகலம், உயரம். ஐந்தாவதாகச் சாளரத்தின் அடையாளம். பழைய பதிப்பில் அடையாளம்தான் முதலில் வரும். இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டுகளில் ஏராளமானவை பழையவை என்பதால், நகலெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் பிழை காட்டும். கட்டளைப் பெயரை அடுத்து உடனே காற்புள்ளி, மாறிகளின் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்களின்) இருபுறமும் சதவீதக் குறி என்று இருந்தால் அது பழைய பதிப்பு என்று ஒதுக்கிவிடலாம். குறுக்குவிசையில் ^ என்பது கன்ட்ரோல், ! என்பது ஆல்ட், + ஷிஃப்ட், # விண்டோஸ் விசை. ^!1:: என்று தொடங்கினால் கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது அந்தப் பகுதி ஓடும்.

இனி, கிட்டத்தட்ட எல்லோரும் தடுக்கி விழும் இடம். 1920×1080 திரையில் 0, 0, 960, 1080 என்று கொடுத்தால் இடது பாதி சரியாக நிரம்பும் என்று தோன்றும். நிரம்பாது. 100% திரை அளவீட்டில் (scaling) விண்டோஸ் 11-இன் டாஸ்க்பார் 48 பிக்சலை எடுத்துக்கொள்வதால் உயரத்தில் 1032தான் மிச்சம். அதோடு, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சாளரத்தின் இடம், வலம், கீழ் ஆகிய மூன்று பக்கமும் கண்ணுக்குத் தெரியாத ஓரம் உண்டு. பொதுவாக 7 பிக்சல். வின்மூவ் அதையும் சேர்த்தே அளக்கிறது. சாளரங்களுக்கு நடுவே ஒரு கீற்றளவு டெஸ்க்டாப் தெரிவது இதனால்தான். இடது பாதிக்கு -7, 0, 974, 1039 என்றும், வலது பாதிக்கு 953, 0, 974, 1039 என்றும் கொடுத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சட்டத்தைத் தாங்களே வரைந்துகொள்ளும் சில செயலிகளுக்கு இந்த ஓரமே கிடையாது. அவற்றுக்கு 7-ஐச் சேர்க்கக் கூடாது. அளவீடு 125% ஆனால் டாஸ்க்பார் 60 பிக்சல் ஆகிவிடும். ஆகவே உயரத்தைக் கையால் எழுதாமல் டாஸ்க்பார் போக மிஞ்சும் இடத்தைச் சொல்லும் மானிட்டர்கெட்வொர்க்ஏரியா (MonitorGetWorkArea) மூலம் கேட்டு வாங்குவதே நல்லது.

அடுத்தது அடையாளம். 2.0-இல் தலைப்பின் எந்தப் பகுதியில் சொல் இருந்தாலும் பொருந்திவிடும். ‘எக்செல்’ என்று தேடினால், எக்செல் பாடம் ஓடும் பிரவுசர் சாளரம் நகர்ந்துவிடக்கூடும். செயலிக் கோப்பின் பெயரால் பிடிப்பது பாதுகாப்பு. அதிலும் விலக்குகள் உண்டு: ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் கோப்புப் பெயரில்தான் டாஸ்க்பாரும் டெஸ்க்டாப்பும் ஓடுகின்றன. அங்கே கிளாஸ் பெயரை, அதாவது சாளர வகையின் உள்பெயரை, கொடுக்க வேண்டும். நிறுவும்போதே கூடவே வரும் விண்டோ ஸ்பை என்ற சிறு கருவி தலைப்பு, கிளாஸ், கோப்பு மூன்றையும் காட்டும். தமிழ்த் தலைப்புகளைத் தேடுவோருக்கு 2.0 பெரிய நிம்மதி. அது ஸ்கிரிப்ட் கோப்பை, தமிழையும் ஏற்கும் எழுத்துக் குறியாக்கமான யூடிஎஃப்-8 என்றே படிக்கிறது. பழைய பதிப்பில் கோப்பின் தொடக்கத்தில் அந்தக் குறியாக்கத்தைக் காட்டும் பாம் (BOM) குறி இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்து, சாளரம் அகப்படவே செய்யாது.

செயலியைத் திறக்கும் ரன் கட்டளை, சாளரம் தோன்றும்வரை காத்திருக்காது. உடனே வின்மூவ் வந்தால் சாளரம் இல்லை என்ற பிழைப்பெட்டியோடு அந்தப் பகுதி நின்றுவிடும். நடுவே வின்வெயிட்டைப் போட்டு 10 வினாடி வரம்பு கொடுங்கள். திரை முழுக்க விரிந்திருக்கும் சாளரத்தை வின்ரீஸ்டோர் மூலம் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்த பிறகே நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அளவு மாறியும் ‘விரிந்த’ நிலை மாறாது, ஓரத்தைப் பிடித்து இழுக்க முடியாமல் போகும்.

லேப்டாப் 125%, வெளி மானிட்டர் 100% என்று அளவீடு வேறுபட்டால் கணக்கு கொஞ்சம் சிக்கலாகும். ஒரு திரையிலிருந்து மறு திரைக்குப் போன சாளரம் அங்கே தன்னளவைத் தானே மாற்றிக்கொள்ளும். அதே வின்மூவ் வரியை இரண்டு முறை எழுதினால் பெரும்பாலும் சரியாகும். முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் உள்ள 1920 அகல மானிட்டரின் எண்கள் -1920-இலிருந்து தொடங்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாஸ்க் மேனேஜர் போல அட்மின் உரிமையோடு ஓடும் சாளரங்கள் சாதாரண ஸ்கிரிப்டுக்கு அசையாது. அப்போது ஸ்கிரிப்டையும் அட்மினாக ஓட்ட வேண்டியிருக்கும். அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் ஐடி பிரிவில் கேட்டுவிட்டே நிறுவுங்கள். ஸ்கிரிப்டைத் தனிச் செயலியாக மாற்றினால் சில ஆன்டிவைரஸ்கள் தவறாகச் சந்தேகித்துத் தடுக்கின்றன. அப்படியே ஸ்கிரிப்டாக வைத்து, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் அதற்கு ஒரு ஷார்ட்கட் போட்டுவிட்டால் கம்ப்யூட்டரைத் திறக்கும்போதே ஓடத் தொடங்கிவிடும்.